களத்தில் விழுந்த அடியும் மனத்தில் இருந்த எண்ணமும்

வீதியில் ஒருவன் ஓடிவந்து மற்றொருவனை மோதித் தரையில் வீழ்த்தினால் காவலர் அவனைப் பிடித்துச் செல்வர். அதே செயலைக் கோடு கிழித்த களத்தினுள் செய்தால் பல்லாயிரவர் ஆரவாரிப்பர்; செய்தவனுக்கு ஊதியமும் கிடைக்கும். இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலும் வேரூன்றிய ரக்பி லீக் என்னும் ஆட்டம் இத்தகையது. வேலையை விட்டு ஆட வரும் தொழிலாளி இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டுமா என்ற வழக்கின் காரணமாக, 1895 ஆம் ஆண்டு வடபகுதிக் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிப் பழைய சங்கத்தினின்று பிரிந்தபோது இது பிறந்தது. அணிக்குப் பதின்மூவர். முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடுபவனை எதிரணியினர் இருவர் மூவராய்க் கட்டிப் பிடித்து வீழ்த்துவர். அதை நீக்கினால் ஆட்டமே இல்லை.

ஆகவே இவ்வாட்டத்தில் வன்முறை நிகழ்ந்ததா என்று கேட்பது பொருளற்றது. எவ்வன்முறைக்கு ஆடுவோன் உடன்பட்டான், எதற்கு உடன்படவில்லை என்பதே வினா. தோளும் மார்பும் மோதிக்கொள்வதற்கு அவன் உடன்பட்டான். தாடையில் முழங்கை இடிப்பதற்கும், கண்ணில் விரல் நுழைவதற்கும், தலைகீழாகத் தூக்கி எறியப்படுவதற்கும் அவன் உடன்படவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள எல்லையைக் காக்கவே ஒழுங்கு விசாரணைகள் ஏற்பட்டன.

ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக்கில் ஒவ்வொரு வாரத்து ஆட்டங்களும் முடிந்தபின், பரிசீலனைக் குழு ஒன்று படங்களைப் பார்த்துக் குற்றம் சாட்டும்; குற்றத்தின் தரத்தையும் குறிக்கும். ஆட்டக்காரர் ஒப்புக்கொள்ளலாம், மறுத்தால் விசாரணைக் குழுவின்முன் நிற்க வேண்டும். அங்கே சட்டம் கற்றவர் தலைமை வகிப்பார். தீர்ப்புக் கூறுவோர் தாமும் ஒரு காலத்தில் ஆடி அடியுண்டவர்கள். கழுத்துக்குமேல் தாக்கும் குற்றத்தை அவர்கள் மூவகைப்படுத்துகின்றனர்: கவனமின்மையால் நேர்ந்தது, விளைவைப் பொருட்படுத்தாது செய்தது, வேண்டுமென்றே செய்தது. கை ஒன்றே, தாடை ஒன்றே. மனம் மட்டுமே வேறு. விளையாட்டு நிருவாகிகள் வகுத்த இப்பிரிவு, சேதனையே கருமம் என்னும் கொள்கையை நன்கு பயின்ற நமக்குப் புதிதன்று.

ஆனால் மனத்தைக் காண்பது எப்படி? அரை நொடியில் நிகழ்ந்ததை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், தடுமாறிய கைகூடத் திட்டமிட்டு நீண்டதாகத் தோன்றும். நம் கண்ணும் அங்ஙனமே ஏமாறும் என்பதில் ஐயமில்லை. 2004 இல் மெல்போர்ன் அணியின் டேனி வில்லியம்ஸ், எதிரணியின் மார்க் ஓநீல் என்பாரைக் குத்தி வீழ்த்தினார். தமக்கு முன்பே தலையில் பட்ட அடியால் நினைவு தவறியிருந்தது என்று மருத்துவச் சான்றோடு அவர் வாதாடினார். குழு அதனை ஏற்றுக்கொள்ளாது 18 வாரங்கள் விலக்கியது. ஒருவனது உள்ளத்தில் அக்கணம் விழிப்பு இருந்ததா என்பதை முன்னாள் ஆட்டக்காரர் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து தீர்மானிக்க வேண்டியதாயிற்று!

நிற்க. இவற்றினும் கடினமான வழக்கு ஒன்று உண்டு. 2014 மார்ச் 24 ஆம் நாள் மெல்போர்னில் நடந்த ஆட்டத்தில், நியூகாசில் அணியின் அலெக்ஸ் மக்கின்னன் பந்தோடு ஓடினார். அப்போது அவருக்கு வயது 22. எதிரணியினர் மூவர் அவரைப் பிடித்தனர். அவர் உடல் உயர்ந்தது, தலை கீழாயிற்று, கழுத்தெலும்பு முறிந்தது. அன்றுமுதல் அவர் சக்கர நாற்காலியில் வாழ்கிறார். மூவருள் ஜார்டன் மக்லீன் என்பார்மீது ஆபத்தாகத் தூக்கி எறிந்த குற்றம் சாட்டப்பட்டது. அவர் மறுத்தார். மக்கின்னன் தம் தலையை உள்ளிழுத்துக்கொண்டதும் ஒரு காரணம் என்று அவர் தரப்பில் கூறப்பட்டது. குழு அவரைக் குற்றவாளி எனக் கண்டு ஏழு ஆட்டங்களுக்கு விலக்கியது.

ஏழு ஆட்டங்கள் ஓர் இளைஞனின் நடைக்கு ஈடாகுமா என்று சிலர் சினந்தனர். கெடுதல் எண்ணாத ஒருவனை, விளைவு கொடிதாயிற்று என்பதற்காகவே தண்டிப்பதா என்று வேறு சிலர் வருந்தினர். இரு சாராரும் தவறான தராசையே கையிலெடுத்தனர் என்பது நம் கருத்து.

விநய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. துணி மூடிய இருக்கை ஒன்றில் பிக்கு ஒருவர் அமர்ந்தார். துணிக்கடியில் குழந்தை இருந்தது, அது இறந்தது. பிக்கு மனம் கலங்கினார். கொலைக்குரிய பெருங்குற்றம் அவரைச் சாரவில்லை என்று பகவன் தீர்த்தார். ஏனெனில் கொல்லும் எண்ணம் இல்லை. ஆயினும் அத்தோடு விடவில்லை. இருக்கையை ஆராயாது அமர்வது சிறு குற்றம் என்று விதி செய்தார். சிறு குற்றம் என்ற சொல்லை நோக்குக! ஒரு குழந்தை மாண்டிருந்தும், குற்றத்தின் அளவு மரணத்தைக்கொண்டு அளக்கப்படவில்லை. அந்தப் பிக்கு செய்யத் தவறியது எதுவோ அதனைக்கொண்டே அளக்கப்பட்டது. அன்றுமுதல் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாராது அமர்ந்தவர் குற்றவாளியே.

மக்லீன் வழக்கிற்கு இது பொருந்தும். மற்றவன் கால் தரையை விட்டெழும்போது அவன் தலை எங்கே போகும் என்று காண்பது தூக்குவோனின் கடமை. அதில் தவறினால் தண்டிக்கலாம், தண்டிக்க வேண்டும். ஆனால் அதே முறையில் தூக்கப்பட்டவர் எழுந்து தூசி தட்டி ஓடிவிடும் வாரங்களிலும் அதே தண்டனை விழ வேண்டும். கழுத்து முறிந்தபோது மட்டும் விழித்துக்கொள்ளும் நீதி, அடிபட்டவனுக்கும் உதவாது, அடுத்து அடிபடப் போகிறவனையும் காவாது.

குற்றத்தை விரைவில் ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்ற ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். 2022 க்கு முன் அங்கே புள்ளிக் கணக்கு இருந்தது. நூறு புள்ளிக்கு ஓர் ஆட்டம் விலக்கு. ஒப்புக்கொண்டால் காற்பங்கு தள்ளுபடி. நானூறு முந்நூறாகும்; நான்கு ஆட்டம் மூன்றாகும்; இறுதிப் போட்டிக்கு வந்துவிடலாம். அவ்வாண்டு புள்ளிகள் ஒழிந்தன. ஆனால் ஒப்புக்கொண்டவனுக்குக் குறைவு, வழக்காடித் தோற்றவனுக்கு மிகுதி என்ற வேறுபாடு நீடித்தது. விசாரணைகள் சுருங்குவதற்கு இது பயன்படும். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் குற்றமற்றவன் என்று தன்னை நம்புகிறவனும் நாள்காட்டியைப் பார்த்துக் குற்றத்தை ஏற்பான்; உண்மையில் வருந்துகிறவனின் சொல்லும் பேரமாகவே கேட்கப்படும். வருத்தத்திற்கு விலை குறித்த இடத்தில் வருத்தத்தை அடையாளம் காண்பது அரிது.

அடித்த கை ஒருவனுடையது. அக்கையை முடுக்கிவிட்டவர்கள் எங்கே? 1985 இல் ஸ்டீவ் ரோஜர்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரரின் தாடை, கான்டர்பரி அணியின் மார்க் பக்டன் கையால் உடைந்தது. ரோஜர்ஸ் ஆட்டச் சங்கத்தின் விசாரணையோடு அமையாது நாட்டு நீதிமன்றத்தை நாடினார். அடித்தவர் மட்டுமன்று, அவரை ஊதியத்துக்கு அமர்த்திய கழகமும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993 இல் கூறிற்று. ஆட்டச் சங்கத்தின் ஒழுங்கு விசாரணையில் இத்தகைய கேள்விக்கு இடம் குறைவு. அங்கே ஒரு நாற்காலிதான் போடப்படுகிறது. மக்கின்னனைப் பிடித்தவர்கள் மூவராயிருந்தும், அதில் அமர்ந்தவர் ஒருவரே.