கேட்டறிதலும் கண்டறிதலும்

பதிவு செய்யப்பட்ட விரிவுரைகளைக் கேட்டே இசை நாடகத்தைக் கற்றவன், அரங்கைக் காணாமலே அக்கலையை அறிந்தவனாவானோ?

1956-இல் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் அமெரிக்க இசை நாடகத்தின் வளர்ச்சியைத் தொலைக்காட்சியில் விளக்கினார். மறு ஆண்டே, அவர் இசையமைத்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' நியூயார்க்கில் அரங்கேறியது. விரிவுரையின் பதிவு இன்றும் உள்ளது. அன்றைய அரங்கோ திரை விழுந்ததும் மறைந்தது.

அந்நாடகத்தில் காதலன் 'மரியா' என்றழைக்கும் மூன்று அசைகளும் சட்ஜம், பிரதி மத்திமம், பஞ்சமம் என ஏறுகின்றன. நடுச்சுரத்தின் தவிப்பு பஞ்சமத்தில் தணிகிறது. இந்நுட்பத்தை ஆசான் உணர்த்தலாம். அவ்வழைப்பில் அவையோர் ஒருங்கே அடங்கிய அமைதியை எவ்வுரையும் தாராது.

ஆதலின், கேட்டறிதல் குறையன்று. கேட்டதைக் கொண்டு கண்டவர்போல் தீர்ப்பளிப்பதே குற்றம். செவியைக் கூர்மையாக்கும் கேள்வி, காணாததன்முன் பணிவையும் கற்பிக்குமாயின், அதுவே கல்வி.