பார்த்துக்கொண்டிருந்தது யார்?

பல வருடங்களுக்கு முன்பு, நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பிணவறை வாசலில் நின்று மூன்று பேர் வாதிட்டோம். உள்ளே பதினான்கு மாதக் குழந்தை. குளியலறை பக்கெட்டில் தலைகுப்புறக் கிடந்த பிள்ளையை அம்மா வந்து தூக்கியபோது மூச்சு நின்றிருந்தது. அவள் சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை.

"பெத்தவங்க கவனக்குறைவுன்னு எழுதிடலாமா டாக்டர்?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"வேண்டாம் சார், இது விபத்து" என்றேன்.

குழந்தைகள் நலப் பணியில் இருந்த அம்மையார் எங்கள் இருவரையுமே ஏற்கவில்லை. "எல்லாத்தையும் விபத்துன்னு மூடிட்டா, அந்த வீட்டுல இருக்கிற மூத்த பிள்ளைக்கு யார் பொறுப்பு?" என்றார்.

மூவரும் குழந்தையின் பக்கம் நின்றுதான் பேசினோம். ஆனால் யார் காரணம் என்பது காவல்துறையின் கேள்வி. எப்படி உயிர் போனது என்பது என் கேள்வி. இன்னொரு முறை நடக்குமா என்பது அம்மையாருடையது. மூன்றுக்கும் 'கவனக்குறைவு' என்ற ஒரே சொல்லில் விடை தேடினோம்.

அந்தச் சொல் அத்தனையையும் தாங்காது. நோயில் துவளும் பிள்ளையை நாள்கணக்கில் திரும்பிப் பார்க்காமல் விடுவதையும் அப்படித்தான் சொல்கிறோம். உலை பொங்கும் நேரத்தில் கண்ணை எடுப்பதையும் அப்படித்தான் சொல்கிறோம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை 'வேண்டுமென்றே' புறக்கணிப்பதைத்தான் தண்டனைக்குரியதாக்குகிறது. அந்த ஒரு சொல்லைச் சட்டம் யோசித்துத்தான் வைத்திருக்கிறது.

"சத்தமே கேக்கலையே" என்று அந்தத் தாய் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டிருக்காது. அந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்க்கும் பிள்ளை கவிழ்ந்தால் தானாக நிமிர முடியாது. சில அங்குலத் தண்ணீர் போதும். முகம் நீருக்குள் போனபின் அழுகை வெளியே வராது. இது தெரியாதவர்கள்தான் "காது கேக்காமலா இருந்தா?" என்று கேட்கிறார்கள்.

அவள் முந்தின நாளும் அப்படித்தான் சோறு வடித்திருப்பாள். பக்கெட்டும் அதே இடத்தில்தான் இருந்திருக்கும். அன்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. சாவு நேர்ந்த பிறகு அதே செயலைக் குற்றம் என்றால், நாம் அளப்பது அவள் செயலை அல்ல, நம் துக்கத்தை.

அம்மையார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திரும்பத் திரும்பக் காயத்தோடு வரும் பிள்ளைகளை அவர் பார்த்தவர். புறக்கணிப்பு உண்டு, அது விபத்து என்ற பெயரில் ஒளிந்துகொள்வதும் உண்டு. ஆகவே கேட்கத்தான் வேண்டும். முன்பும் இப்படி நடந்ததா? ஆபத்து தெரிந்தும் விட்டார்களா? அவர்களுக்கு வேறு வழி இருந்ததா? முதல் இரண்டை நாங்கள் கேட்டோம். மூன்றாவதை யாரும் கேட்கவில்லை.

வங்கதேசத்தில் கேட்டார்கள். கிராமங்களில் சிறு பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டை ஒட்டிய குளங்களில், தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகலில்தான் இறக்கிறார்கள் என்று கண்டார்கள். காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊருக்குள்ளேயே காப்பகங்கள் வைத்தார்கள். பெயர் 'ஆஞ்சல்', வங்காள மொழியில் முந்தானை என்று பொருள். அங்கே சேர்ந்த பிள்ளைகளிடையே நீரில் மூழ்கிச் சாவது 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. தாய்மார் மாறவில்லை, அவர்களுக்குத் துணை கிடைத்தது.

பெற்றவர்களைத் தாண்டியும் கேள்வி கேட்க வேண்டிய ஒரு சாவை நம் ஊரிலும் பார்த்தோம். 2019 தீபாவளிச் சமயத்தில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்தது. கைவிட்ட கிணறுகளைத் தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே நெறிமுறை வகுத்திருந்தது. ஒன்பது வருடங்களாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? இந்தக் கேள்வி ஒரு வீட்டு வாசலோடு நின்றுவிடக் கூடாது.

அன்று என் அறிக்கையில் நீரில் மூழ்கி மூச்சுத்திணறல் என்று எழுதினேன். பக்கெட்டுக்கு மூடி இல்லை, வீட்டில் இன்னொரு ஆள் இல்லை என்பதை எழுத அதில் இடமில்லை. அமெரிக்காவில் 1978இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி, மருத்துவர், காவலர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே மேசையில் அமர்ந்து குழந்தைச் சாவுகளை ஆராயும் குழுக்கள் உண்டு. நாங்கள் மூவரும் வாசலில் பேசிக் கலைந்துவிட்டோம்.

வெளியே வந்தபோது அந்தத் தாய் கேட்டாள்: "நான் பார்த்திருந்தா பொழச்சிருக்குமா டாக்டர்?" உங்க மேல தப்பில்லம்மா என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்டதற்கு அது பதில் அல்ல. இன்றானால் உண்மையைச் சொல்வேன்: "பொழச்சிருக்கும்மா. ஆனா ஒரே ஆளால எந்நேரமும் பார்த்துக்கிட்டே இருக்க முடியாது. உங்களுக்குத் துணைக்கு ஒருத்தர் இருந்திருக்கணும்."