வல்கனைசிங்

தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகும் சாலையில் டயர்க்கடைப் பலகைகளில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். மலையேறும் லாரிகளும் குற்றாலச் சாரலுக்கு வரும் வண்டிகளும் நிற்கிற இடம். அங்கே அதற்கு அர்த்தம், சூடு வைத்து ஒட்டுப் போடுவது. அதற்கு மேல் இல்லை.

வல்கன் ரோமானியரின் நெருப்புக் கடவுள், கொல்லன். சிசிலிக்கு வடக்கே வல்கானோ என்ற தீவு அவனுடைய உலைக்களமென்று நம்பப்பட்டது. எரிமலைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் அதிலிருந்து வந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்று 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டார். 1843இல் இங்கிலாந்தில் அம்முறைக்கு உரிமை கோரியவர் தாமஸ் ஹான்காக். பெயர் வைத்தது அவருடைய நண்பர், ஓவியர் வில்லியம் பிராக்கடன். நெருப்பும் கந்தகமும் கடவுளின் சரக்குகள், பெயர் பொருந்திற்று.

பொருந்தியதுதான் பிரச்னை. பெயர் உலையை நினைவில் வைத்துக்கொண்டது. மரத்தையும் அதைக் கீறிய கையையும் விட்டுவிட்டது. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. லியோபோல்ட் மன்னரின் காங்கோவில் ரப்பர் கணக்கின் பேரில் மனிதர்களின் கைகள் வெட்டப்பட்டன. ரப்பருக்காக மலாயா போன தமிழர்களில் பல்லாயிரம் பேர், 1942-43இல் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் மாண்டார்கள். இவர்கள் யாருக்கும் அந்தச் சொல்லில் இடமில்லை.

வேர்ச்சொல்லைக் கண்டுவிட்டால் உண்மையையே கண்டுவிட்டதாக நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. சொற்பிறப்பியலுக்குரிய கிரேக்கப் பெயரே 'உண்மை' என்ற பொருளில்தான் தொடங்குகிறது. ஆனால் வேர் காட்டுவது பெயரிட்டவனின் பார்வையை மட்டுமே. மலாயாத் தமிழர் 'பால்மரம்' என்றார்கள். அந்தச் சொல் மரத்தை மறக்கவில்லை. ஆனால் பாலின் தாய்மை, விடியுமுன் மரம் சீவப் போனவளின் பசியை மூடிவிடுகிறது. களங்கமற்ற சொல்லைத் தேடுவது வீண்.

அப்படியானால் பொறுப்பு யாருக்கு? டயர்க்கடைக்காரருக்கு இல்லை. அவருடைய சொல்லை அவர் கைச்சூடு தினமும் மெய்ப்பிக்கிறது. பொறுப்பு எழுதுகிறவனுக்கு. எரிகிற மலையைக் கண்டிராத மண்ணில் தன் கோபத்தை எரிமலை என்று எழுதுகிறவனுக்குப் படிமம் இரவல். சூடும் அவன் பட்டதல்ல. சொல்லை அவன் துறக்க வேண்டியதில்லை. அது எவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தது என்று கேட்டாக வேண்டும். கேட்காதவரை, பெயரிட்டவனின் மறதியை அவனும் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறான்.