நோவாவின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும்



வளரும் பிள்ளைகள் கதை வாசிப்பது நல்லதென்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கதை நம்முடைய லயத்தைப் பற்றியதாக இருந்துவிட்டால் நமக்குச் சங்கடம் உண்டாகிறது. தகப்பன் சம்பள நாளில் குடித்துவிட்டு வருகிறான். தாய் கடைக்காரரிடம் கடனுக்குக் கெஞ்சுகிறாள். மகன் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக் கடையொன்றுக்கு வேலைக்குப் போகிறான். இப்படியொரு சிறுகதையைப் பிள்ளை வாசிப்பதைக் கண்டால், "நம்ம வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்கெல்லாம் எழுதுறாங்க? இதிலே பிள்ளை படிச்சுக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. தாய் தந்தையரைச் சங்கை செய்ய வேண்டுமென்று நான்காம் கட்டளை கற்பிக்கின்றது. பெற்றோரின் குறையைக் கதையாக எழுதுவது அந்தக் கட்டளையை மீறுவதாகுமா? அதை வாசிக்கும் பிள்ளை பெற்றோரை மதிக்கக் கற்றுக்கொள்ளுமா, அல்லது இகழக் கற்றுக்கொள்ளுமா?

தொடக்க நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் இதற்கு நேரான ஒரு சம்பவம் இருக்கின்றது. வெள்ளம் வடிந்தபின் நோவா திராட்சைத் தோட்டம் போட்டார். அதன் இரசத்தைக் குடித்து, வெறி மிஞ்சி, ஆடை விலகிய நிலையில் தம் கூடாரத்துக்குள் கிடந்தார். மகன் காம் அதைப் பார்த்தான். வெளியே போய்ச் சகோதரர் இருவருக்கும் சொன்னான். சேமும் எப்பேத்தும் ஒரு போர்வையைத் தங்கள் தோள்களில் எடுத்துக்கொண்டு, முகத்தை மறுபுறம் திருப்பியபடி, பின்னோக்கி நடந்து சென்று தகப்பனை மூடினார்கள். விழித்தெழுந்த நோவா சேமை வாழ்த்தினார். சாபமோ காமின் வம்சத்தின்மேல் விழுந்தது.

அப்படியானால் நம் கதாசிரியர்கள் காமின் பிள்ளைகள்தாமா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நோவா குடித்த செய்தியை நமக்குச் சொன்னது யார்? வேதாகமமேயன்றோ! நீதிமானென்று தான் புகழ்ந்த அதே மனிதரின் வீழ்ச்சியையும் அது மறைக்கவில்லை. தாவீது அரசரின் பாவத்தை மறைக்கவில்லை. பேதுரு மும்முறை மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களுமே எழுதிவைத்திருக்கின்றன. ஆகவே சொல்வது தன்னில் தானே பாவமாகாது. காம் பார்த்துவிட்டு விலகி நின்றான். அவன் கையில் போர்வை இல்லை. மற்ற இருவரும் நடந்ததை அறிந்துகொண்டே அருகில் போனார்கள். நல்ல கதைக்கும் கெட்ட கதைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இதை நம் மாகாணத்து எழுத்தாளர் ஒருவரைக் கொண்டே விளக்கலாம். தெளிவத்தை ஜோசப் 1934இல் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒன்றின் பிள்ளை. தகப்பனார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவலையும், 1979இல் வெளிவந்த 'நாமிருக்கும் நாடே' என்ற சிறுகதைத் தொகுதியையும் நமக்குத் தந்தார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022இல் காலமானார்.

அவருடைய 'மீன்கள்' என்ற சிறுகதை, வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் படுத்துறங்க வேண்டிய ஒரு தொழிலாளியைப் பற்றியது. இருட்டும் நெருக்கடியும் சேர்ந்து அந்தத் தகப்பனின் மானத்தைக் குலைத்துவிடுகின்றன. காமின் கண்ணால் எழுதியிருந்தால் அது வெறும் அசிங்கக் கதையாகப் போயிருக்கும். ஆனால் அதை வாசிக்கிறவனுக்கு அந்த மனிதனைக் கேலி செய்யத் தோன்றுவதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் 10 அடிக்கு 12 அடியென்று கட்டிய ஒரு காம்பராவுக்குள் ஒரு முழுக் குடும்பத்தை அடைத்துவைத்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. தகப்பனின் வெட்கத்தின்மேல் போர்வை விழுகிறது. அநியாயத்தின்மேல் இருந்த போர்வை விலகுகிறது.

என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மற்றொரு உதாரணம். ஓர் இளம்பெண் எடுத்த கொழுந்தின் நிறை மற்றவர்களுக்குச் சந்தேகத்தைத் தருகிறது. தன் உழைப்பின் நேர்மையை அவள் தன் கைகளாலேயே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கொழுந்து எடுக்கும் தாயைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லத் தயங்கும் ஒரு மாணவி இதை வாசித்தால், அன்று மாலை மலையிலிருந்து இறங்கிவரும் தாயின் கறைபடிந்த விரல்களை வேறு விதமாகப் பார்ப்பாள். கதையின் முடிவில் 'நீதி' என்று ஒரு வரி போட்டு இதைச் சொல்லித்தர இயலாது.

வாழ்க்கையில் மூன்று கண்கள் நமக்கு மாறிமாறி வருகின்றன. குழந்தைக்குத் தகப்பன் மலைபோலத் தெரிகிறார். பதினைந்து பதினாறு வயதில் அந்த மலையில் இருக்கும் பள்ளங்களெல்லாம் கண்ணில் படுகின்றன. வெட்கமும் கோபமும் வருகின்றன. இந்த இரண்டாம் கண்ணோடேயே பலர் நின்றுவிடுகிறார்கள். கொழும்புக்குப் போன பையன், எந்த ஊர் என்று கேட்டால் "பதுளைப் பக்கம்" என்று மட்டும் சொல்லித் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிடுவது இதனால்தான். மூன்றாவது கண் திறக்கும்போதுதான் மனிதன் வளர்ந்தவனாகிறான். குறையை அறிந்தபின்னும் அந்தத் தகப்பனைத் தகப்பனென்று ஏற்றுக்கொள்ளும் கண் அது. ஜோசப் தாம் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டதை இளைஞர்கள் நினைத்துப் பார்க்கட்டும். பலர் மறைக்கும் முகவரியை அவர் புத்தக அட்டையில் அச்சடித்தார்.

நம் ஆண்டவரும் வளரும் பிள்ளைகளின் கதையொன்றைச் சொன்னார். ஊதாரி மைந்தன் பன்றிகளின் நடுவே தன்னை அறிந்து வீடு திரும்பினான். ஆனால் வீட்டிலேயே இருந்த மூத்தவன் ஆட்டபாட்டச் சத்தம் கேட்டுக் கோபித்து வெளியே நின்றுவிட்டான். தகப்பன் வந்து வருந்தியழைத்தார். அவன் உள்ளே போனானா? லூக்காஸ் சுவிசேஷம் அதைச் சொல்லவில்லை. கதை வாசற்படியில் நின்றுவிடுகிறது. உள்ளே போவதா வேண்டாமா என்பதைக் கேட்கிறவன் தீர்மானிக்க வேண்டும்.

ஆகையால் பெற்றோரே, பிள்ளை கதையை வாசித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன படிப்பினை?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "இதிலே யாரைப் பார்த்தால் உனக்குப் பாவமாக இருக்கிறது? நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டாலும் பாதகமில்லை. கதையில் வரும் தகப்பனைப் பற்றி உங்களிடம் பேசத் துணிந்த பிள்ளை, ஒருநாள் தன் சொந்தத் துன்பத்தைப் பற்றியும் பேசத் துணியும்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். சேம் தன் தகப்பனின் வெட்கத்தைத்தான் மூடினான்; பிறருக்குச் செய்யும் கொடுமையை மூடுவதற்கு அந்தப் போர்வை தரப்படவில்லை. வீட்டில் தாய் அடிபடுகிறாள், பெண்பிள்ளைக்குத் தீங்கு நேருகிறது என்றால், குடும்ப மானத்தின் பேரால் பிள்ளையின் வாயைப் பொத்துவது நான்காம் கட்டளையாகாது. அங்கே தக்கவரிடம் சொல்வதே கடமை. எதை மூட வேண்டும், எதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று பிரித்தறிவதும் வளர்ச்சியின் ஓர் அடையாளம்தான். நல்ல கதைகள் அந்தப் பகுத்தறிவைப் பழக்குகின்றன.

வீட்டுக்கு வீடு வாசற்படி. குறையில்லாத வீடு பசறையிலும் இல்லை, பண்டாரவளையிலும் இல்லை, கொழும்பு மாடி வீடுகளிலும் இல்லை. நம் பிள்ளைகள் எப்படியும் ஒருநாள் நம் குறையைக் காணத்தான் போகிறார்கள். அதை நம்மால் தடுக்க முடியாது. காணும் அந்த நாளில் அவர்கள் எள்ளி நகைத்துக்கொண்டு வெளியே ஓடுவார்களா, போர்வையை எடுத்துக்கொண்டு உள்ளே வருவார்களா என்பதே கேள்வி. அதற்கு அவர்களை இன்றே பழக்க வேண்டும். இந்த வாரம் செபமாலை முடிந்தபின் ஒரு நல்ல சிறுகதையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வீட்டார் எல்லோரும் கேட்கும்படி சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.