முறிந்த பட்டையின் முகம்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் ஒன்றின் லீஃப் ஸ்பிரிங் கட்டிலிருந்து கழற்றிப் போட்ட மெயின் பட்டை. இரண்டு துண்டு. முறிந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கிறேன். மேல்விளிம்பை ஒட்டி நகக்கண் அளவுக்குப் பழுப்பேறிக் கிடக்கிறது. மீதியெல்லாம் சொரசொரப்பாக, வெள்ளையாக மின்னுகிறது. மின்னுவது இன்றைக்கு உடைந்தது. பழுப்பு எப்போதோ விட்ட விரிசல். ஈரம் உள்ளே போய்த் துருப்பிடிக்க அதற்கு நேரம் இருந்திருக்கிறது. அத்தனை நாளும் வண்டி ஆளேற்றிக்கொண்டுதான் ஓடியது.

“அந்தப் பாறைதாண்ணே ஒடச்சிருச்சு” என்கிறார் டிரைவர் தம்பி. பாறை பாவம்.

*

விரிசல் ஏன் மேல்முகத்தில்? சக்கரம் நடுவை மேலே தள்ள, சேஸிஸ் இரு முனைகளையும் கீழே அழுத்துகிறது. கீழ்முகம் அமுங்குகிறது, மேல்முகம் இழுபடுகிறது. இழுபடும் பக்கத்தில்தான் இரும்பு வாய் திறக்கும். ஒரு துருப்பள்ளம், ஒரு சுத்தியல் தழும்பு, வெல்டிங் பொறி தெறித்த ஒரு புள்ளி போதும். பிறகு பாதையின் ஒவ்வொரு குழியிலும் விரிசல் மயிரிழை மயிரிழையாக உள்ளே போகும்.

*

பட்டைக் கட்டு சுமையை மட்டும் தாங்கவில்லை. அச்சை அதன் இடத்தில் பிடித்து வைப்பதும் அதுதான். சுருள் ஸ்பிரிங் வண்டியில் அந்த வேலைக்குத் தனிக் கம்பிகள் உண்டு. 2020-இல் வந்த புதிய தார் ஜீப், பின்பக்கத்திலும் பட்டையைக் கைவிட்டுச் சுருளுக்குப் போய்விட்டது. மலையில் இன்னும் ஓடும் பழைய மேஜர், கமாண்டர் ஜீப்புகள் பட்டையை நம்பித்தான் இருக்கின்றன. பட்டறையில் பிரித்து ஒரே ஒரு பட்டையை மாற்றிக்கொள்ள முடிகிறதே, அதை யார் விடுவார்கள்?

*

பட்டைகளை ஊடுருவி நடுவில் சென்டர் போல்ட். அதற்கான துளை இருக்கும் இடமே பட்டையில் பலவீனமான இடம். கட்டை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யு-போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கும்வரை அந்த நடுப்பகுதி வளைய வேண்டிய தேவையே வராது. நட்டு தளர்ந்தால் வளைவு துளைக்கு வந்துவிடும். பட்டை அங்கேயே முறியும், அல்லது சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்துவிடும். பின்னால் வருகிறவருக்கு வண்டி கோணலாகப் போவது தெரியும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

கழற்றிய யு-போல்ட்டையே திரும்பப் போடுவது சிக்கனமில்லை, அது நீண்டு போயிருக்கும். புதிது போட்டாலும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக மறுபடி முறுக்க வேண்டும். பாதிப்பேர் திரும்பி வருவதில்லை என்று பட்டறைக்காரர் சிரிக்கிறார்.

*

“ஒரு பட்டை சேத்துப் போட்டுருங்க” என்பது ஊருக்கு ஊர் கிடைக்கும் வைத்தியம். எனக்கு உடன்பாடில்லை. பட்டை கூடக் கூடக் கட்டு விறைக்கும்; தடித்த பட்டை என்றால் இன்னும் மோசம், தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே அதன் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். வளையாத பட்டை வாங்காத அடி, பட்டையின் முனைகளைப் பிடித்திருக்கும் ஷேக்கிளுக்கும் புஷ்ஷுக்கும் போகும். எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டி என்றால் சரி. மற்றபடி, ஏற்றும் பாரத்தைக் குறைப்பதே மலிவு.

*

முறிந்த பட்டைக்கு வெல்டிங் கூடவே கூடாது. காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இதமாகச் சூடேற்றிப் பக்குவம் செய்த எஃகு அது. வெல்டிங் சூடு அந்தப் பக்குவத்தைக் கெடுத்துவிடும். ஒட்டு நிற்கும், ஒட்டுக்குப் பக்கத்தில் முறியும்.

*

நடுவழியில் பின்பட்டை முறிந்தால்: ஆட்களை இறக்கிவிட வேண்டும். அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கட்டைத் துண்டு. அச்சு பின்னால் நழுவாமல், அதைப் பட்டையின் முன்முனைப் பிடியோடு சங்கிலியால் இறுக்கிக் கட்டி, முதல் கியரில் ஊர்ந்து வரலாம். சென்டர் போல்ட் மட்டும் போயிருந்தால், மாற்று போல்ட்டும் ஜி-கிளாம்ப்பும் இருந்தால் அங்கேயே வேலை முடிந்துவிடும். முன்பட்டை என்றால் ஸ்டியரிங்கையும் நம்ப முடியாது. ஓட்டவே வேண்டாம்.

*

விடியலில் கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. டிரைவர் வண்டிக்கடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அவரை அவசரப்படுத்தாதீர்கள்.