மாதக் கடைசியில் ஒரு பட்டியல்

மாதம் முடிந்ததும், அந்த மாதம் படித்த புத்தகங்களை மேசையில் அடுக்கிப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிற பழக்கம் பரவியிருக்கிறது. எட்டுப் புத்தகம், பத்துப் புத்தகம், சிலர் பதினைந்து. இதைத் தற்பெருமை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது அவ்வளவு நியாயமான குற்றச்சாட்டு அல்ல. பட்டியலைப் பார்த்து நாலு பேர் ஒரு நாவலைத் தேடிப் போனால் நல்லதுதானே. உறுத்துவது வேறொன்று. மதுரை மாசி வீதிகளில் கடை வைத்திருக்கும் எவரும், வந்து இறங்கிய சரக்கை மட்டும் எழுதிக்கொண்டு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை விட்டுவிட மாட்டார். வாசகர்களின் மாதக் கணக்கில் அந்தப் பாக்கிப் பக்கம் இருப்பதே இல்லை.

படித்ததைக் குறித்து வைப்பது பழைய பழக்கம்தான்; காந்தியிடமும் அது இருந்தது. 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி அரையாடைக்கு மாறினார். ஆறு மாதத்தில் கைதாகி எரவாடா சிறைக்குப் போனார். 1924 தொடக்கம் வரை நீண்ட அந்தச் சிறைவாசத்தில் அவர் வைத்திருந்த நாட்குறிப்பு, இன்ன நூலைத் தொடங்கியது, இன்ன நூலை முடித்தது என்ற ஒற்றை வரிக் குறிப்புகளாகவே பெரும்பாலும் போகிறது. சமய நூல்கள் நிறைய. கிப்பனின் ரோமாபுரி வரலாறும் உண்டு. கைதட்ட அங்கே யாரும் இல்லை. வெளியிலிருந்து யாராவது அனுப்பி, அதிகாரி அனுமதித்தால்தான் ஒரு புத்தகம் உள்ளே வரும் என்ற இடத்தில், ஒவ்வொன்றும் யார் தயவில் கைக்கு வந்தது என்பதை மறக்க முடியாது. காந்தியின் ரத்தக்கறை படிந்த வேட்டியை வைத்திருக்கும் அருங்காட்சியகமும் மதுரைப் புத்தகத் திருவிழா நடக்கும் தமுக்கம் மைதானமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தற்செயல்தான். ஆனாலும் திருவிழாவில் பை நிறைய வாங்கியவர்கள் ஒரு நடை உள்ளே போய்விட்டு வரலாம்.

நூலகத்தில் எடுத்த புத்தகத்துக்குப் பணம் கொடுக்கவில்லை என்று நினைக்கிறோம். வேறு யாரோ கொடுத்திருக்கிறார். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது, நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படிதான் இன்றும் வீட்டு வரியோடு நூலக வரி வசூலாகிறது. ஜெய்ஹிந்துபுரத்தில் சின்ன வீடு கட்டி, வாழ்நாளில் நூலகப் படி ஏறாதவரும் அதைக் கட்டுகிறார். 2023 ஜூலை 15 அன்று புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டு லட்சம் சதுர அடிக்கும் மேல். மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து நாள் முழுக்கப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே மின்விசிறியும் குடிநீரும் மேசையும் கிடைப்பது முன்பின் தெரியாதவர்களின் பணத்தில். கிளை நூலகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைக் கவனித்தால் அதை நமக்கு முன்னால் எடுத்தவர்களும் கண்ணுக்குத் தெரிவார்கள். ஊதா மையில் சாய்வாக விழுந்த முத்திரைகள், ஒன்றின் மேல் ஒன்று. நடுவில் நாலு வருடம் யாரும் எடுக்காத இடைவெளி. பிறகு மறுபடியும் ஒரு தேதி. மர்ம நாவலாக இருந்தால் கொலைகாரன் யார் என்று முப்பதாம் பக்க ஓரத்திலேயே ஒரு புண்ணியவான் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். அதுவும் ஒருவகையில் நமக்கு முன்னால் வேறொருவர் இருந்தார் என்பதற்குச் சாட்சி.

வாட்ஸ்அப்பில் வந்து விழும் பிடிஎஃப் இன்னும் சங்கடமான பாக்கி. அதையும் படித்ததாகவே கணக்கில் எழுதுகிறோம், அட்டைப் படத்தோடு. பாரதியைப் போல நாட்டுடைமையானவர்களின் எழுத்தை எவரும் எடுத்துப் படிக்கலாம். அதில் குற்றம் இல்லை. உயிரோடிருக்கும் எழுத்தாளரின், போன மாதம் வந்த நாவலை அப்படிப் படிப்பது வேறு. சின்னமனூரில் பிறந்த சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ பத்திரிகை தொடங்கி 1970 வரை நடத்தினார். தான் பதிப்பித்த புத்தகங்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவர் அலைந்தது ஓர் இதழும் சில கவிதைத் தொகுப்புகளும் அச்சில் வரவேண்டும் என்பதற்காக. இன்றும் சின்னப் பதிப்பகங்கள் சில நூறு படிகள் அச்சிட்டு, அது விற்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மாணவர், வாங்க வழியில்லாமல் அப்படி ஒரு கோப்பைப் படித்தால் அவரை நிறுத்திக் கேள்வி கேட்க மனம் வராது. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு வேளை பிரியாணி விலைக்குக் கிடைக்கும் நாவலைத் திருட்டுக் கோப்பில் படித்துவிட்டு, அதைப் பற்றி அரைப் பக்கம் சிலாகித்தும் எழுதுகிறவரிடம் கேட்கலாம். அவரே வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்து நூலகத்தில் இந்தப் புத்தகம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும். தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் நூலகக் கொள்முதலை நம்பித்தான் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

பணத்தைவிடப் பெரிய பாக்கி நேரம். மாதம் பத்து நாவல் என்றால் சுமாராக 3,000 பக்கம். மணிக்கு 40 பக்கம் என்று வைத்தால் 75 மணி நேரம். அது எங்கிருந்து வந்தது? ஞாயிறு காலை பத்து மணி. கூடத்தில் ஒருவர் நாவலில் மூழ்கியிருக்கிறார். கறிக்கடைக்குப் போய் வந்ததோடு அவர் வேலை முடிந்தது. மஞ்சள் போட்டு அலசி, சின்ன வெங்காயம் உரித்து, மிளகு சீரகம் வறுத்து அரைப்பது அடுக்களையில் இன்னொருவர். நடுவில் ஒரு டம்ளர் காப்பி நாற்காலியின் கையில் வந்து உட்காருகிறது. பக்கத்திலிருந்து கண் எடுக்காமலே காலியாகிறது. நாவல் குடும்பத்தில் பெண் படும் பாட்டைப் பற்றியதாக இருந்தால் இன்னும் விசேஷம். காப்பி கொண்டுவந்தவரும் ஒரு காலத்தில் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து வைத்தவர்தான். இந்த மாதம் அவர் கணக்கில் ஒரு புத்தகம், அதுவும் பாதி.

இப்படிப் பார்த்தால் படிக்கிற சுகமே போய்விடாதா என்று கேட்கலாம். வீடும் அலுவலகமும் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிற வாழ்க்கையில், எதுவும் கேட்காத ஒரே இடம் புத்தகம்; அங்கும் கணக்குப்பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டுமா? இதை லேசாகத் தள்ள முடியாது. பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை ஒளித்துப் படிக்கிற பையனிடம் போய் இதையெல்லாம் பேசுவது அசட்டுத்தனம். அவன் படிக்கட்டும். ஆனால் பட்டியல் போடுகிறவர் கணக்குப்பிள்ளையைத் தானே அழைத்து வந்தவர். எண்ணிக்கை எழுதத் தெரிந்தவருக்கு, பத்தில் நாலு கிளை நூலகம், இரண்டு கோப்பு, ஒன்று மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் இன்னார் என்றும் எழுதத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றையாவது அடுக்களைக்குக் கொடுத்துவிட்டு, அந்த மாதம் ஒன்பது புத்தகம் என்று போடவும் முடியும். ஒன்பது ஒன்றும் குறைவான எண் அல்ல.

எண்ணிக்கைக்காகவே முடிக்கப்படும் புத்தகங்களும் உண்டு. நாற்பதாம் பக்கத்தில் அலுத்துப் போனதைக் கடைசி வரை தள்ளிக்கொண்டு போவதில் எந்த அறமும் இல்லை. நூலகப் புத்தகமாக இருந்தால் அலுத்த அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவது மேல். அதற்காக இன்னொருவர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

இரவல் புத்தகங்களின் கதை தனி. முதல் பக்கத்தில் வேறொருவரின் கையெழுத்தும், புத்தகத் திருவிழாவில் வாங்கிய தேதியும் இருக்கும். படத்தில் அட்டை மட்டும்தான் தெரியும். கொடுத்தவரும் அந்தப் படத்துக்கு ஒரு விருப்பக்குறி போட்டுவிட்டு, எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்கக் கூச்சப்பட்டு, சும்மா இருந்துவிடுகிறார்.