அவசரமாகக் கட்டிய பெட்டி

அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனர் மாஸ்கோவை அடுத்த கிம்கி நீதிமன்றத்தில் சொன்னவற்றில் ஒன்று மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. அவசரமாகப் பெட்டி கட்டினாராம்.

2022 பிப்ரவரி 17, மாஸ்கோவின் ஷெரமெத்தியேவோ விமான நிலையம். பெட்டியில் வேப் கார்ட்ரிட்ஜ்கள், அவற்றில் ஒரு கிராம்கூடத் தேறாத கஞ்சா எண்ணெய். கைது. ஒரு வாரத்தில் உக்ரைன் போர். ஆகஸ்டில் ஒன்பது ஆண்டுச் சிறைத் தண்டனை. டிசம்பரில் ரஷ்ய ஆயுத வியாபாரி விக்டர் பூட்டுக்கு மாற்றாக அபுதாபியில் விடுதலை. இதன் அரசியலை உலகமே பேசி முடித்துவிட்டது. நான் இன்னும் அந்தப் பெட்டியருகிலேயே நிற்கிறேன்.

முதல் முறை வெளிநாடு போகிறவர் அவசரமாகப் பெட்டி கட்ட மாட்டார். ஒரு வாரம் முன்பே எடுத்து வைத்து, தினம் ஒரு முறை திறந்து பார்ப்பார். பழகியவர்தான் கையில் அகப்பட்டதைப் போட்டு ஜிப்பை இழுப்பார். கிரைனர் ஏழெட்டு ஆண்டுகளாகக் குளிர்காலம்தோறும் ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் போய் ஆடிக்கொண்டிருந்தவர். அப்படியானால் அந்த அவசரம், ஊர் பழகிப்போனதன் அடையாளமா? இல்லை, போய்ப் போய் அலுத்துப்போனதன் அடையாளமா?

அலுப்புக்குச் சாட்சி உண்டு. பீனிக்ஸிலும் யெகாதெரின்பர்க்கிலும் அவரோடு ஆடிய டயானா டாராசி. கோடையில் அமெரிக்க லீக், குளிரில் ரஷ்ய லீக் என்று வருஷம் முழுக்க ஓட்டம். 2015இல் ரஷ்ய அணி அவரிடம், இந்தக் கோடையில் உங்கள் ஊரில் ஆடாதீர்கள், ஓய்வெடுங்கள், அந்தச் சம்பளத்தை நாங்கள் தருகிறோம் என்றது. அமெரிக்காவில் அவர் வாங்கியது சுமார் 1,07,000 டாலர். ரஷ்யாவில் 15 லட்சம் என்று செய்திகள் சொல்லின. டாராசி ஒப்புக்கொண்டார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரி ஒருவர் தன் ஊரில் ஆடாமலிருக்க, உரால் மலையடிவாரத்துத் தாமிரக் கம்பெனியின் அணி பணம் கொடுத்திருக்கிறது! கிரைனருக்கும் இதே கணக்குத்தான். 2022இல் அமெரிக்க லீக்கின் சம்பள உச்சவரம்பே சுமார் 2,28,000 டாலர். ரஷ்யாவில் பத்து லட்சத்துக்கும் மேல் என்றார்கள். இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழங்கால் எத்தனை வருஷம் தாங்கும் என்று தெரிந்தவர்கள் போடும் கணக்கு அது.

ஆட்டம் ஒரு வேலை என்பதே எனக்குச் சின்ன வயதில் புரியாத விஷயம். பெரியகுளத்தில் கோடை லீவில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். இரவு வெளிச்சத்தில் ஆட்டம். மாமாதான் கூட்டிப்போவார். ஆட்டம் முடிந்து ஆறரை அடி ஆள் ஒருவர் கேலரிக்குப் பின்னால் வந்து பன்னீர் சோடா குடித்ததை நாங்கள் பொடியன்கள் சுற்றி நின்று பார்த்தோம். சோடா பாட்டில் அவர் கையில் மருந்துக் குப்பி மாதிரி இருந்தது.

"மாமா, இவருக்கு இதுதான் வேலையா?"

"பேங்க்ல வேலைடா. பந்து நின்னாலும் சம்பளம் நிக்காது."

பிறகுதான் கவனித்தேன், பெரிய அணிகளின் பெயரெல்லாம் சம்பளம் கொடுக்கிறவர்களின் பெயர். ராணுவம், கடற்படை, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப். விளையாட்டு ஒதுக்கீட்டில் உள்ளே போனால் அறுபது வயது வரை கவலையில்லை. வெளிநாட்டில் ஊர்ப் பெயர் தாங்கிய பனியனைத் தருகிறார்கள், ஒரு சீசனுக்கு. வீடு உண்டு, கார் உண்டு, போய்வர டிக்கெட் உண்டு. வேறொருவர் நன்றாக ஆடுவதாகப் பயிற்சியாளருக்குத் தோன்றிவிட்டால் பாதியிலேயே ஊர் திரும்ப வேண்டியதுதான். சம்பளப் பாக்கித் தகராறுகள் பெருகி, சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 2007இல் அதற்கென்றே ஒரு நடுவர் மன்றம் அமைக்கும்படி ஆயிற்று.

உள்ளூர் வேலை, வெளிநாட்டு ஆட்டம் இரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டவர் கீது அன்னா ஜோஸ். கோட்டயத்துக்காரர், சென்னையில் தென்னக ரயில்வேக்கு ஆடியவர். 2006 முதல் சில சீசன்கள் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011இல் மூன்று அமெரிக்க அணிகளின் தேர்வுக்குப் போனார், இடம் கிடைக்கவில்லை. திரும்பி வர அவருக்கு ரயில்வே இருந்தது. அது அவருக்குத் துணிச்சலைக் கொடுத்ததா, குறைத்ததா என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது.

திரும்பி வராமலே இருந்தவரும் உண்டு. ஸ்டெஃபன் மார்பரியைப் பற்றி எப்போதோ ஒரு பத்திரிகையில் படித்தது அரைகுறையாக நினைவிருக்கிறது. என்.பி.ஏ.யில் பேரும் புகழும் பெற்று, கடைசியில் பேர் கெட்டு, 2010இல் சீனாவின் ஷான்சி மாகாணத்து அணிக்குப் போனவர். கட்டுரையில் அந்த ஊரின் குளிரைப் பற்றி ஏதோ இருந்தது. பிறகு பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 என்று மூன்று பட்டங்கள். உயிரோடிருக்கும்போதே சிலை வைத்தார்கள், அருங்காட்சியகம் வைத்தார்கள். நிரந்தர வசிப்புரிமை அட்டைகூடக் கிடைத்தது. தோற்றிருந்தால் சிலை இருந்திருக்குமா என்று கேட்பது குதர்க்கம்தான். கேட்காமலிருக்க முடியவில்லை.

ஆனால் கிரைனருக்கு நடந்தது வேறு. போர் நடந்துகொண்டிருந்த அந்த ஜூலையில் யெகாதெரின்பர்க் அணியின் இயக்குநரும் அணித் தலைவி எவ்கெனியா பெல்யகோவாவும் நீதிமன்றத்துக்கு வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். அங்கே அவருக்கு இனிமேல் ஆட்டம் கிடையாது, அவரால் யாருக்கும் கோப்பை கிடையாது. அப்படியும் வந்தார்கள். பணத்துக்காகப் போன ஊர் என்று இவ்வளவு நேரம் நான் சொல்லிவந்தது இந்த இடத்தில் தடுமாறுகிறது.

நாட்டுக்காக அன்றி இனி வெளிநாட்டில் ஆடமாட்டேன் என்று 2023இல் கிரைனர் அறிவித்தார். 2025 ஜனவரியில் மயாமியில் அன்ரைவல்ட் என்ற புதிய லீக் தொடங்கியது. பெண்கள் குளிர்காலத்திலும் சொந்த நாட்டிலேயே சம்பாதிக்கட்டும் என்று ஆட்டக்காரிகள் இருவர் ஆரம்பித்தது. கிரைனரும் அதில் ஆடினார். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். யெகாதெரின்பர்க்கில் கிடைத்த தோழிகள் மயாமியில் கிடைப்பார்களா என்றும் கூடவே நினைக்கிறேன்.

கோயம்புத்தூரில் கல்லூரி அணிக்கு ஆடும் அக்கா மகள் போன மாதம் போனில் கேட்டாள்: "மாமா, ரயில்வே டிரயலுக்குப் போகவா? இல்ல ஆஸ்திரேலியாவுல படிச்சுக்கிட்டே கிளப்புல ஆடப் பார்க்கவா?" முதலில் ரயில்வேக்குப் போ என்றேன், யோசிக்காமலே. அவள் சரி என்று வைத்துவிட்டாள். அவள் முகம் எப்படி இருந்ததோ, போனில் தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டு வேறு மாதிரி சொல்லலாம். என்ன சொல்வது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.